கேரியரில் 29 கிலோ: ஒரு பழைய புல்லட் வாலாட்டியது ஏன்?

பழைய புல்லட்டில் சாமான் கட்டிக்கொண்டு வெளியூர் போகிறேன் என்று யார் சொன்னாலும், அடுத்து வருவது "எத்தனை கிலோ தாங்கும்?" என்ற கேள்விதான். இந்த நிகழ்வில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. இதே வண்டி 60 கிலோ ஆளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எத்தனையோ முறை திருவண்ணாமலை போய் வந்திருக்கிறது. ஒரு ஆட்டம் கிடையாது. ஆனால் 39 கிலோ சாமானோடு சேலம் சாலையில் வாலாட்டியது. கேரியரின் கால் விட்டுப்போனது. போதாக்குறைக்கு ஒரு பையும் கருகியது. பை கருகியது தனிக் கதை. மற்ற இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சாமான் வைப்பதற்கென்றே விற்கிற அந்தக் கேரியர், கனமான சாமான் வைக்கவே கூடாத இடத்தில் இருக்கிறது.

வண்டியும் சாமானும்

வண்டி 1988-ல் வந்த புல்லட் 350 ஸ்டாண்டர்டு. வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சிசி, 18 குதிரைத்திறன், நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆள் ஏறாமல் எடை ஏறக்குறைய 165 கிலோ. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 1370 மி.மீ. இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கு வருகிறது.

உரிமையாளர் என் நண்பர், 75 கிலோ. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவருடைய அக்கா குடும்பம் இருக்கிறது. தாம்பரத்தில் கிளம்பி உளுந்தூர்பேட்டை, சேலம், பெருந்துறை, பொள்ளாச்சி வழியாகப் போய், சில நாள் தங்கித் திரும்புவது திட்டம். நான் வேறொரு வண்டியில் பின்னாலேயே போனேன். அதனால் நடந்ததை ஓட்டுபவரின் கைப்பிடியிலிருந்து மட்டுமல்லாமல், பின்னாலிருந்தும் பார்க்க முடிந்தது. இந்த ஆய்வுக்கு அதுதான் பெரிய உதவி.

சீட்டுக்குப் பின்னால் கடையில் வாங்கிப் பொருத்திய பைப் கேரியர். அதன் மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டி மட்டும் 5 கிலோ, உள்ளே டூல்ஸும் உதிரிபாகங்களும் 8 கிலோ. கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பாயிண்ட் செட், கண்டென்சர், பிளக், செயின் லாக், 19 இஞ்ச் டியூப் ஒன்று என்று பழைய புல்லட்காரர்கள் வழக்கமாகச் சுமக்கிற பட்டியல்தான். டியூப் எடுத்துப்போனதைக் குறை சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலை பஞ்சர் கடைகளில் 17, 18 இஞ்ச் கிடைக்கும்; 19 கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தகரப் பெட்டிக்கு மேல் நீளவாக்கில் ஒரு பெரிய உருளைப் பை, 16 கிலோ. துணி, கம்பளி, மழைக்கோட்டு, கேமரா, அக்கா கேட்ட அரிசி, முறுக்கு டின் எல்லாம் அதில். பக்கத்துக்கு ஒரு சேடில் பேக், ஒவ்வொன்றும் 5 கிலோ. அதில் தண்ணீர், செருப்பு, சில்லறைச் சாமான்கள்.

ஆக கேரியரில் 29, பக்கங்களில் 10. பார்க்க ஜம்மென்று இருந்தது. சீட்டில் நடமாட இடம் விட்டு எல்லாவற்றையும் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார். கட்டுகளிலும் குறை இல்லை; கொக்கிக் கயிற்றை மட்டும் நம்பாமல் சைக்கிள் டியூப் ரப்பரால் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்.

சாலையில் நடந்தது

உளுந்தூர்பேட்டை வரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. நாற்கர சாலை, வேகம் 60-க்குள். முன்பக்கம் லேசாக இருப்பது போல இருக்கிறது என்று மட்டும் டீக்கடையில் சொன்னார். விடிவதற்கு முன் எதிரே வந்தவர்கள் எல்லாம் அவருக்கு லைட்டை மின்னிக் காட்டிக்கொண்டே போனதையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம். வண்டியின் வால் இறங்கி மூக்கு தூக்கினால் ஹெட்லைட் எதிராளி கண்ணில் அடிக்கும்.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. வேகம் 70-ஐத் தொட்டது. சின்னசேலத்துக்கு அப்பால் ஒரு லாரியை முந்தி அதன் முன்னால் வந்தபோது, பக்கக்காற்று சட்டென்று அடித்தது. அங்கேதான் தொடங்கியது. பின்னாலிருந்து நான் பார்த்த வரிசை இது: முதலில் உருளைப் பையும் பெட்டியும் வலப்பக்கம் சாய்ந்தன, பிறகு இடப்பக்கம். அதற்கு அப்புறம்தான் நண்பரின் தோள் அசைந்தது. நொடிக்கு இரண்டு மூன்று முறை, மொத்த வண்டியும் மீன் நீந்துவது போல நெளிந்தது.

இந்த வரிசை முக்கியம். வண்டி ஆடுவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ஹேண்டில்பார் மட்டும் நொடிக்கு ஏழெட்டு முறை படபடவென்று உதறும். அது பெரும்பாலும் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்து பேரிங்), முன் டயர், முன் ரிம் பெண்டு என்று முன்பக்கத்து வியாதி. இன்னொன்று மெதுவாக, முழு வண்டியாக, பின்பக்கத்திலிருந்து கிளம்பி நெளிகிற ஆட்டம். அது வேகம் கூடக்கூட அடங்க மறுக்கும். நண்பர் வண்டியில் வந்தது இரண்டாவது. கோன்செட்டை எத்தனை இறுக்கினாலும் அது நிற்காது.

நண்பர் செய்தது சரியான காரியம். பிரேக்கைத் தொடவில்லை. கைப்பிடியோடு மல்லுக்கட்டவும் இல்லை. முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். 55-க்கு இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கியது. முன் பிரேக்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

சாலையோரம் நிறுத்திப் பார்த்தால் வலது சேடில் பேக்கின் அடி சைலன்ஸரில் ஒட்டி உருகியிருந்தது. புல்லட்டில் சைலன்ஸர் வலப்பக்கம். செயினும் பிரேக் ராடும் இடப்பக்கம், அங்கே சக்கரத்தை மறைக்க சாரி கார்டு இருக்கிறது. அதாவது இடது பை சாய்ந்துகொள்ள ஒரு சுவர் உண்டு, வலது பைக்கு ஒன்றுமில்லை. காற்றில் உள்ளே ஒதுங்கிய பை நேரே சைலன்ஸர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நைலான் துணி, என்ன செய்யும்?

அப்புறம் 50-லேயே உருட்டிக்கொண்டு தலைவாசல் தாண்டி ஆத்தூர் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது "டக்" என்று ஒரு சத்தம். கேரியரின் இடது கால் விட்டுவிட்டது.

ஆத்தூர் வெல்டிங் பட்டறையில்

சாமானை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தோம். கேரியர் மூன்று இடத்தில் பிடித்திருந்தது: இரண்டு ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுகள், அப்புறம் பின் மட்கார்டின் நடுவில் ஒரு போல்ட். இடது கால் ஷாக் அப்சார்பர் போல்ட்டுக்குச் சற்று மேலே, வெல்டிங் மணிக்கு ஒட்டினாற்போல உடைந்திருந்தது. மட்கார்டில் போல்ட் ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் மயிரிழைக் கீறல் ஓடியிருந்தது.

பட்டறைக்காரர் உடைந்த முனையைத் திருப்பிக் காட்டினார். "அண்ணா, இது இன்னிக்கு உடைஞ்சது இல்ல. பாருங்க, பாதி கறுத்துப்போய் துரு ஏறியிருக்கு, பாதிதான் பளபளன்னு புதுசா இருக்கு. ரொம்ப நாளா விட்டுக்கிட்டே வந்து இன்னிக்கு முடிஞ்சிருக்கு."

அவர் சொன்னது அப்படியே சரி. உலோகம் களைத்து உடைகிற கதை இது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு ஒரு பக்கம், பள்ளம் மேட்டில் சாமான் தூக்கிப் போடுவது இன்னொரு பக்கம். 29 கிலோ சும்மா நிற்கும்போது 29 கிலோ. வேகத்தடையில் அது ஒரு கணம் இரண்டு மடங்குக்கு மேலாக அழுத்தும். அந்த அழுத்தம் மெல்லிய பைப்பின் வெல்டிங் ஓரத்தில் குவிகிறது. சூடு பட்டு இளகிய இடமும் அதுதான், பைப் தடிமன் மாறுகிற இடமும் அதுதான். விரிசல் அங்கேதான் பிறக்கும்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கேரியரின் தட்டு, பிடிப்பு போல்ட்டுகளிலிருந்து வெகுதூரம் பின்னால் நீண்டிருந்தது. முன்னால் பிடித்து, பின்னால் கனத்தை வைத்தால் பைப் நெம்புகோலாகிவிடும். மட்கார்டோ வெறும் தகடு; சேறு தெறிக்காமல் இருக்க வைத்தது, சுமைதாங்கியாக வைத்ததில்லை. சீட்டுக்குப் பின்னால் மட்கார்டு கீறின எத்தனையோ புல்லட்டை நான் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் முக்கால்வாசி ஒரு கேரியரில்தான் போய் முடியும்.

பட்டறைக்காரர் குரோம் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, பைப்புக்குள் ஒரு இரும்பு ராடை விட்டு, அதன் மேல் வெல்டு வைத்து, முக்கோணத் தகடு ஒன்றை ஓரத்தில் சேர்த்தார். மட்கார்டு கீறலின் நுனிகளில் சின்னதாக ஓட்டை போட்டு, கீறல் மேலே ஓடாமல் நிறுத்தினார். எல்லாம் செய்துவிட்டு, "சரிண்ணா, ஆனா இதுல மறுபடியும் இரும்புப் பெட்டி வைக்காதீங்க" என்றார். கணக்கெதுவும் போடாமலே அவர் வந்து சேர்ந்த முடிவு அது.

எது காரணம், எது துணைக்காரணம்

ஆட்டத்துக்கு சந்தேகப்பட வேண்டியவை நான்கு: ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைகிற கை) புஷ் தேய்மானம், பின் டயர் காற்று, தளர்ந்த ஸ்போக்ஸ், சுமையின் இடம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்தால் வண்டி சரியாகும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகப் போனோம்.

பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் புஷ்ஷில் துளி விளையாட்டு (தளர்வு) இருந்தது, கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஸ்போக்ஸ் எல்லாம் ஸ்பேனரால் தட்டினால் ஒரே மாதிரி ஒலித்தன. டயரில்தான் குட்டு வெளிப்பட்டது. பின்னால் 22 பி.எஸ்.ஐ. இருந்தது. தனியாளுக்கே 28 பக்கம் இருக்க வேண்டும், சுமையோடு 30-க்கு மேல். கிளம்பும் முன் காற்றே பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

முதல் ஓட்டம் சாமானில்லாமல், காற்று 22-லேயே. ஆத்தூர் பைபாஸில் 75 வரை போயும் வண்டி நேராக நின்றது. ஆக காற்று மட்டும் குற்றவாளி இல்லை. அடுத்து காற்றை 31 ஆக்கி, பெட்டியையும் பையையும் பழையபடி கேரியரில் ஏற்றிக் கட்டினோம். பட்டறைக்காரர் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் வந்தது, ஆனால் முன்பு போல 70-ல் இல்லை. இன்னும் கொஞ்சம் வேகம் ஏறிய பிறகு, இன்னும் கொஞ்சம் மென்மையாக. அதே காற்றில், அதே சாமானை சீட்டின் மேல் முன்னால் தள்ளிக் கட்டியபோது ஆட்டம் வரவே இல்லை. குறைந்த காற்று தீயை ஊதிவிட்டது, பற்ற வைத்தது கேரியர்.

இப்போது அந்த 1370. சாமானின் மையம் பின்சக்கர அச்சுக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே என்பதை டேப் வைத்து அளந்து, அதை எடையால் பெருக்கி, 1370-ஆல் வகுத்தால் முன்சக்கரத்தின் மேல் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று வந்துவிடும். ஆறாம் வகுப்பில் படித்த தராசுக் கணக்குதான். கேரியரில் இருந்த 29 கிலோவின் மையம் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால். 29 பெருக்கல் 250, வகுத்தல் 1370: ஏறக்குறைய 5.3 கிலோ முன்சக்கரத்திலிருந்து கழிகிறது. பின்சக்கரத்துக்கு 34 கிலோ ஏறுகிறது. பக்கப் பைகள் அச்சுக்கு நேராகத் தொங்கியதால் அவை முன்னுக்குக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இப்போது பின்னால் உட்காரும் 60 கிலோ ஆளை எடுத்துக்கொள்வோம். அவர் உட்காரும் இடம் அச்சுக்கு 150 மி.மீ. போல முன்னால். அதே கணக்கில் அவரால் முன்சக்கரத்துக்கு 6 கிலோவுக்கு மேல் கூடுகிறது. சாமானைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள ஆள் முன்சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறார். பாதி எடையுள்ள சாமான் அதைத் தூக்குகிறது. திருவண்ணாமலைக்கு நேராகப் போன வண்டி சேலம் சாலையில் நெளிந்ததன் விடை இதில் பாதி இருக்கிறது.

பாதி என்றேன், ஏனென்றால் 5 கிலோ அப்படி ஒன்றும் பெரிய தொகை இல்லை. நண்பர் ஏறியதும் முன்சக்கரத்தின் மேல் சுமார் 100 கிலோ இருக்கும். அதில் இருபதில் ஒரு பங்குதான் போனது. மீதிப் பாதி, அந்தக் கனம் வண்டியின் நடுமையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில். வண்டியும் ஆளும் சேர்ந்த நடுமையம், மேலே சொன்ன எண்களை வைத்தால், பின் அச்சுக்கு சுமார் 570 மி.மீ. முன்னால் வருகிறது. கேரியர் சுமை அங்கிருந்து 820 மி.மீ. தூரத்தில். அதே சுமையை சீட்டின் மேல் அச்சுக்கு 200 மி.மீ. முன்னால் வைத்தால் 370 மி.மீ. வண்டியின் வாலைப் பக்கவாட்டில் அசைக்கவும், அசைந்ததை நிறுத்தவும் வேண்டிய முயற்சி இந்தத் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு தூரத்தையும் வர்க்கப்படுத்திப் பார்த்தால் ஏறக்குறைய 5 மடங்கு வித்தியாசம். ஒருமுறை அசைந்த வால் அடங்காமல் திரும்பத் திரும்ப வீசியது அதனால்தான். போதாக்குறைக்கு உயரம் வேறு. பெட்டியின் மேல் பை. பையின் தலை நண்பரின் தோளுக்கு வந்திருந்தது. மெல்லிய பைப் கேரியர் தானும் வளைந்து கொடுத்ததால், சாமான் வண்டியோடு சேர்ந்து ஆடாமல் ஒரு தாளம் பிந்தி ஆடியது. நான் பின்னாலிருந்து பார்த்தது அந்தப் பிந்திய தாளத்தைத்தான்.

பழைய ஆட்கள் இதை அறியாதவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ வண்டிகளின் படங்களைப் பாருங்கள்: கான்வாஸ் பைகள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும். நம்மூர்ப் பால்காரர் டிவிஎஸ் 50-யில் கேன்களை எங்கே மாட்டுகிறார்? பக்கங்களில், சக்கர உயரத்துக்கு, ஆளுக்கு ஒட்டி. ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் 1949-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1955-லிருந்து மெட்ராஸ் தயாரிப்பு. ஓட்டுபவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு ஆளுக்கான சட்டகம் அது. சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு மேசை போடுவது அந்தக் கணக்கிலேயே இல்லை. இப்போது லடாக் கேரியர் என்று விற்கிற கனமான சட்டகங்கள் பிடிப்பில் எவ்வளவோ மேல், உடையாது. ஆனால் அவற்றிலும் மேல்தட்டு இருக்கிற இடம் அதே இடம்தான். கேரியர் உடையவில்லை என்பதால் வண்டி ஆடாது என்று அர்த்தமில்லை.

மாற்றிக் கட்டிய விதம்

தகரப் பெட்டி பட்டறையிலேயே தங்கிவிட்டது, திரும்பும்போது எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. 5 கிலோ மிச்சம். உள்ளே இருந்த டூல்ஸும் உதிரிபாகங்களும் இரண்டாகப் பிரிந்து பக்கப் பைகளின் அடியில் போயின. பக்கத்துக்கு 9 கிலோ ஆனது. பைகளை முன்னால் இழுத்து, மையம் அச்சுக்கு 200 மி.மீ. முன்னே வரும்படி சீட்டின் மேல் பட்டையைப் போட்டோம். வலப்பக்கம் கிக்கர் சுழல்கிற இடத்தை மட்டும் விட வேண்டியிருந்தது. புல்லட்டில் கிக்கை முழுசாக மிதிக்க முடியாமல் போனால் பயணம் அங்கேயே முடிந்தது. சைலன்ஸருக்கு மேல் பை ஒதுங்காமல் இருக்க, ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலிருந்து பின் ஃபுட்ரெஸ்ட் வரை ஒரு கம்பி வளையம் வளைத்துப் போட்டுக் கொடுத்தார் பட்டறைக்காரர். மூன்று விரல் நுழைகிற இடைவெளி கிடைத்தது.

உருளைப் பையிலிருந்து கேமரா, காகிதங்கள், இன்னும் சில கனமான பொருட்கள் என்று 5 கிலோவை ஒரு தோள்பையில் போட்டு டேங்க் மேல் கட்டினார் நண்பர். மீதி 11 கிலோ உருளைப் பை, நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக, பின்சீட்டின் மேல், அவர் முதுகுக்கு முட்டுக் கொடுக்கிறாற்போல. மொத்தம் 34 கிலோ. பழைய கணக்கையே போட்டால் இப்போது முன்சக்கரத்துக்கு 7 கிலோ கூடுகிறது. முன்பு 5 கழிந்தது, இப்போது 7 கூடியது: 5 கிலோ பெட்டியை மட்டும் விட்டுவிட்டு, முன்சக்கரத்தில் 12 கிலோ வித்தியாசம் கிடைத்திருக்கிறது. கேரியரில் மழைக்கோட்டு மட்டும்.

கட்டி முடித்த பிறகு, சாமானும் ஆளும் ஏறிய நிலையிலேயே செயின் தளர்வைப் பார்த்தோம். ஸ்விங் ஆர்ம் மேலே ஏறினால் செயின் இறுகும். வெறும் வண்டியில் சரியாக வைத்த செயின், சுமையில் கம்பி போல நின்று கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். பின் பிரேக் ராடின் விளையாட்டையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஹெட்லைட்டை ஒரு சுவரின் முன் நிறுத்தித் தாழ்த்தினோம்.

இத்தனைக்கும் பிறகு சேலம் தாண்டி 70-ல், ஓரிரு முறை அதற்கு மேலும், லாரிகளை முந்தியபோது வண்டி நேராக நின்றது. காற்று அடித்தது, வண்டி ஒருமுறை அசைந்தது, அதோடு சரி.

புதிதாக முளைத்த கோளாறு

பெருந்துறை நெருங்கும்போது எஞ்சின் இருமியது. கொஞ்ச தூரம் போய் நின்றே போனது. பிளக்கில் பொறி இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. கார்புரேட்டர் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வடிகட்டி அடைப்பு என்று கழற்ற ஆயத்தமானார் நண்பர். அதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று தோள்பையை அவிழ்த்து மூடியைத் திருப்பியதும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம். பெட்ரோல் குழாயில் உடனே ஓட்டம் வந்தது.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு பொடி ஓட்டை இருக்கிறது. மழை வந்தால் என்ன செய்வது என்று தோள்பைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருந்தார், அது அந்த ஓட்டையை மூடிக்கொண்டது. தாளை எடுத்துவிட்டுப் பருத்தித் துண்டை மடித்துப் போட்டோம். துண்டு இன்னொரு வகையிலும் நல்லது. புல்லட் டேங்கின் தங்க நிறக் கோடுகள் கையால் இழுத்தவை. பைக்கு அடியில் சிக்கிய மணல் ஒரே நாளில் அவற்றைத் தேய்த்துவிடும். நண்பருக்கு எஞ்சின் நின்றதைவிட இந்தச் செய்திதான் அதிகக் கலவரம் தந்தது.

மலையில்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது 18 குதிரைக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டில்லை, இரண்டாம் கியரில் பொறுமையாக விட்டால் போதும். வார்ப்பிரும்பு எஞ்சினை மூன்றாம் கியரில் திணற வைத்து ஏற்றினால் பிஸ்டன் ஜாம் ஆகும் வாய்ப்பு உண்டு, சுமையோடு இன்னும் அதிகம். 9-வது வளைவில், ஆழியாறு அணை கீழே தெரிகிற இடத்தில், எஞ்சினை ஆறவிட்டோம்.

கேரியர் சுமையோடு இந்த வளைவுகளில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பரே அங்கே சொன்னார்: ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் போகும், கைப்பிடி கையில் நிற்காது. இப்போது திருப்பியபடி திரும்புகிறது.

இறங்கும்போது கதை வேறு. டிரம் பிரேக், 34 கிலோ கூடுதல். இரண்டாம் கியரில் எஞ்சினே பிடித்து நிறுத்த, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவதுதான் முறை. அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, கீழே வரும்போது பிரேக் கால் வெறுமனே இறங்கும். முன்சக்கரத்தில் எடை இருந்ததால் முன் பிரேக்குக்கும் பிடிப்பு இருந்தது.

தீராத ஒன்று ஸ்டாண்டு. சாமானோடு சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், சைடு ஸ்டாண்டு மண் தரையில் புதைகிறது. அக்கா வீட்டு வாசலில் ஒரு செங்கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது வண்டி மெதுவாகச் சாயத் தொடங்கியது, ஓடிப்போய்ப் பிடித்தோம். அக்கா முதலில் கேட்டது முறுக்கு டின் நசுங்கியதா என்றுதான். பக்கப் பையில் ஒரு சின்னத் தகடு வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு அடியில் போடுவது இப்போதைய ஏற்பாடு.

திரும்பும் வழியில் ஆத்தூரில் தகரப் பெட்டியை வாங்கியபோது, அதை எங்கே வைப்பது என்று ஒரு சின்ன வாக்குவாதம். வெறும் பெட்டி 5 கிலோதானே, கேரியரில் வைத்தால் முன்னால் ஒரு கிலோகூடக் கழியாது என்று நண்பர் அதே கணக்கைப் போட்டு என்னிடம் காட்டினார். கணக்கு சரிதான். பெட்டி கேரியரில் வந்தது, உள்ளே பழைய துணி மட்டும். வழியெல்லாம் அது கடகடவென்று அடித்த சத்தத்தில் தாம்பரம் வரும்போது அவருக்கே அலுத்துவிட்டது. இப்போது அந்தப் பெட்டி அவர் வீட்டு மாடியில் பழைய பாயிண்ட் செட்டுகளோடு கிடக்கிறது. அடுத்ததாக, இடது பையின் அடி செயின் கவரில் உரசாமல் இருக்க, வலப்பக்கம் போட்டது போலவே இங்கேயும் ஒரு வளையம் போட வேண்டும்.